ரப்பரில் இருந்த கட்டைவிரல்

தஞ்சாவூரில் ஆராய்ச்சி மாணவியாக இருந்த நாட்களில் என் வேலை, ஒட்டுவதை அளப்பது. ஓர் அணு அளவே தடிமன் உள்ள கிராஃபீன் என்னும் கரிப்படலத்தை, கடுகைவிடச் சிறிய கண்ணாடி மணிமேல் போர்த்தி, மெத்தென்ற சிலிகான் ரப்பரில் இறக்குவேன், பிறகு தூக்குவேன். பிரிய எவ்வளவு விசை வேண்டியிருக்கிறது என்று கருவி குறித்துக்கொள்ளும். மணி தொடுவதற்குக் கொஞ்சம் முன்பே இரண்டும் பட்டென்று ஒட்டிக்கொள்ளும். ரப்பர் காத்திருந்து பிடிப்பதுபோல இருக்கும். எனக்கு அது பிடிப்பதில்லை.

அன்று எடுத்த ரப்பர் வில்லை, எனக்கு மூத்த மாணவியான ஒரு அக்கா வார்த்து வைத்தது. திருத்துறைப்பூண்டிப் பக்கம் விவசாயக் குடும்பம். ஐப்பசி மழையில் காய்ச்சல் வந்து ஒரே வாரத்தில் இறந்துபோனார். மூன்று மாதம் கழித்து, அவர் கையால் எழுதி ஒட்டிய டப்பாவைத் திறந்தேன். வில்லை தெளிவாக, கறையே இல்லாமல் இருந்தது.

காலையில் கருவியை ஓடவிட்டேன். புள்ளி புள்ளியாகத் தொட்டுக்கொண்டே போகும். அதிகம் ஒட்டிய இடம் திரையில் மஞ்சள், குறைவாக ஒட்டிய இடம் நீலம். பதினொரு மணிக்குச் சில வளைகோடுகள் தெரிந்தன. சாப்பிட்டுவிட்டு வந்தபோது அவை சுழியாகியிருந்தன. மூன்று மணிக்கு, முழுதாக ஒரு கட்டைவிரல் ரேகை. குறுக்கே ஒரு கோடு. சின்ன வயதில் கதிர் அறுக்கும்போது அரிவாள் பட்ட தழும்பு என்று அக்கா என்னிடம் காட்டியது அதுதான். வெளியே நல்ல வெயில்.

எங்கள் பேராசிரியரைக் கூப்பிட்டேன்.

"க்ளவுஸ் போடாம, ரப்பர் வார்க்கிற அச்சுக் கண்ணாடியைத் தொட்டிருக்காங்க. விரல் எண்ணெய் பட்ட இடத்துல ரப்பர் சரியா இறுகல, அதான் அங்க ஒட்டு ஜாஸ்தி. வேற சாம்பிள் எடுங்க," என்றார். சொன்னவர் வெகுநேரம் திரையைவிட்டு நகரவில்லை.

விளக்கம் எனக்கும் புரிந்தது. ஆனாலும் மறுநாள் அதே வில்லையை மறுபடி அளந்தேன். ரேகை அப்படியே வந்தது. இன்னும் கொஞ்சம் அதிகமாக ஒட்டியதுபோல எனக்குப் பட்டது. எண்களை ஒப்பிட்டுப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

சனிக்கிழமை, திரையில் தெரிந்த ரேகையைப் போனில் படம் எடுத்துக்கொண்டு, பஸ் ஏறி அக்கா வீட்டுக்குப் போனேன். அவருடைய அம்மாவுக்கு அது ஆறுதலாக இருக்கும் என்றுதான் நினைத்தேன். களத்தில் நெல் காயப்போட்டுக்கொண்டிருந்தவர், "வாம்மா, சாப்பிட்டியா?" என்றார். போனில் படத்தைக் காட்டினேன். நான் எதுவும் சொல்வதற்குள், "என் மவ விரலு," என்றார்.

எப்படி வந்தது என்று சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவர் உள்ளங்கையால் திரையை மூடினார்.

"இன்னும் அங்கயே ஒட்டிக்கிட்டு இருக்காளா?"

போனை என் பக்கமாகத் தள்ளினார்.

"வேணாம்மா. அதை அழிச்சிடு. அவளைப் போவ விடு."

அவர் கண்முன்னாலேயே படத்தை அழித்தேன்.

திங்கட்கிழமை வில்லையைக் கருவியிலிருந்து எடுத்தேன். குப்பைக் கூடைமேல் கையை உதறினேன், விழவில்லை. க்ளவுஸோடு சேர்த்துக் கழற்றித்தான் போட வேண்டியிருந்தது. ஆய்வேட்டில் அந்த அளவுகளைச் சேர்க்கவில்லை. கணினியில் இருக்கும் கோப்பை மட்டும் நான் அழிக்கவில்லை. இதுவரை திறக்கவும் இல்லை.