நாங்கள் சுத்தம் செய்து கொடுத்த காடு

சவுதியில் பன்னிரண்டு வருடம் நெடுஞ்சாலை ஓரத்துச் செடிகளுக்குத் தண்ணீர் விட்டவன் நான். அங்கே ஒரு நாள் மறந்தால் செடி கருகிவிடும். ஊர் திரும்பியபோது, அதிராம்பட்டினத்துக்கு மேற்கே எங்கள் ஊர் மேய்க்கால் புறம்போக்கில் யாரும் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றாமலே நுணா தளதளவென்று நின்றது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

டிராக்டர் வந்த பிறகு ஊரில் மாடு குறைந்துபோனது. இருந்ததை மேய்க்கவும் ஆளில்லை. துபாய், சிங்கப்பூர் என்று கிளம்பிவிட்டார்கள். மேய்ச்சல் நின்றதும் மண்ணுக்குள் கிடந்த பழைய வேரெல்லாம் துளிர்த்தது. நான் செய்தது ஒன்றே ஒன்றுதான். சுற்றிலும் முள் வெட்டிப் போட்டு, வெளியூர் ஆடுகளை அண்டவிடாமல் ஒன்பது வருடம் காவல் கிடந்தேன். “கட்டினவளப் பாக்குறதவிட இந்தப் புதரப் பாக்குறதுதான் உங்களுக்கு ஜாஸ்தி” என்று என் மனைவி திட்டாத நாளில்லை. ஊருக்கும் அது புதர்தான். நான் ஒருவன்தான் காடு என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். கிளுவை, காரை, உலக்கைப்பாலை எல்லாம் ஆள் உயரம் தாண்டிவிட்டன. உள்ளே போனால் மத்தியான வெயில் தெரியாது.

அப்போதுதான் ஒரு கம்பெனி வந்தது. பழைய மேய்ச்சல் நிலத்தில் நாட்டு மரக் காடு வளர்ப்பார்களாம். அந்த மரங்கள் எவ்வளவு புகையை உறிஞ்சுகின்றன என்று கணக்கெடுத்து, கார்பன் கிரெடிட் என்று வெளிநாட்டுக்கு விற்பார்களாம். இடம் பார்க்க வெள்ளைக்காரர்கள் வருகிறார்கள் என்றதும் ஊரிலேயே அதிகமாகச் சந்தோஷப்பட்ட முட்டாள் நான்தான். வந்து பார்க்கட்டும், சும்மா விட்டாலே காடு எப்படி வருகிறதென்று பார்க்கட்டும் என்று நினைத்தேன். வரவேற்புக்கு மாலை வாங்கிவரப் பஞ்சாயத்துத் தலைவர் என்னைப் பட்டுக்கோட்டைக்கு அனுப்பினார். போனேன்.

பெரிய மனிதர் வருகிறார் என்றால் எங்கள் ஊரில் என்ன செய்வோம்? வழியெல்லாம் புல்லைச் செதுக்குவோம், இரண்டு பக்கமும் பிளீச்சிங் பவுடரால் கோடு போடுவோம். கலெக்டர் வந்தாலும் அதுதான், மந்திரி வந்தாலும் அதுதான். மாலையும் கையுமாக நான் திரும்பியபோது காட்டைக் காணோம். ஜேசிபி ஓரமாக நின்றது. ஒன்பது வருடத்தையும் வழித்து ஒரு மூலையில் குவித்திருந்தார்கள். மொட்டைத் தரையில் வெள்ளைக் கோடு பளிச்சென்று இருந்தது.

தலைவருக்கு வாயெல்லாம் பல். “வர்றவங்களுக்குப் புதரையா காட்டுறது? பாம்பு கீம்பு வந்தா ஊர் மானம் போயிடும்ல. இப்ப எப்படி நீட்டா இருக்கு!”

“அடப் பாவிகளா! காடு வளக்க வர்றவனுக்குக் காட்ட வெட்டியாடா வரவேற்பு?” என்று கத்தினேன். மாலையை அந்தக் குவியல் மேலேயே வீசினேன். ஒன்பது வருடம் காத்தவன் ஒரு மாலைக்காக அரை நாள் விட்டுப் போனேனே என்று என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றியது.

வெள்ளைக்காரர்களோடு வந்த கம்பெனிப் பையன் காரிலிருந்து இறங்கியதும் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். “தம்பி, காலைல வரைக்கும் இங்க காடு இருந்துச்சு. வேர் இன்னும் சாகல. இப்படியே விடுங்க, திரும்ப வந்துடும்.”

அவன் பதறவில்லை. “நல்லதாப் போச்சுங்கய்யா. ஏற்கெனவே நிக்கிற மரம் எங்களுக்குக் கணக்குல வராது. நாங்க நட்டாத்தான் கணக்கு. இடம் காலியா இருக்கணும். இதை உங்க ஊர்ல எப்படிச் சொல்றதுன்னுதான் தயங்கிட்டிருந்தோம்.”

தலைவர் என்னைப் பார்த்து மீசையைத் தடவினார். எங்கள் ஊரின் அறியாமையை மன்னித்துவிடலாம். இவன் அறிவை எப்படி மன்னிப்பது? காலித் தரையைப் படம் பிடித்துக்கொண்டார்கள். எஞ்சியிருந்த வேரையும் தோண்டிவிட்டு, குழி வெட்டி, கம்பி வேலி போட்டார்கள்.

மூன்று மாதம் கழித்து அந்தப் பையன் என் வீட்டு வாசலில் வந்து நின்றான். கையில் ஒரு பட்டியல்.

“அய்யா, உலக்கைப்பாலை விதை எந்த நர்சரியிலயும் கிடைக்கல. இந்த மண்ணு மரம் நட்டாத்தான் கிரெடிட் வாங்குறவங்க ஒத்துக்குவாங்களாம். உங்களுக்குத்தான் தெரியும்னாங்க. எங்க இருக்குன்னு கொஞ்சம் காட்டுங்களேன்.”

சட்டையை மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தேன். அவனுடைய கம்பி வேலியைத் திறந்து, அவனுடைய வெறுங்குழி ஒன்றின் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன்.

“இந்த ஊர்ல மொத்தமே எட்டு மரம். எட்டும் இங்கதான் நின்னுச்சு,” என்றேன். “பொறுக்கிக்க.”