பால் வாங்கப் போகும் வண்டி

என் அக்காவின் கணவர் நல்லசிவம் அத்தான் தியாகராய நகரில் புடவைக்கடை நடத்துகிறார். வெயில் காலமாயினும் மழைக் காலமாயினும், கடைக்குப் போகுமுன் "பால் வாங்கிட்டு வாரேன்" என்று சொல்லி மந்தைவெளி வீட்டிலிருந்து புல்லட்டை எடுப்பார். அடையாற்றுப் பாலம் தாண்டி பெசன்ட் நகர் வரை ஓட்டிவிட்டு வெறுங்கையோடு திரும்புவார். பால் பாக்கெட் முன்பே வாசலுக்கு வந்திருக்கும். அன்றைய கடை இரைச்சலைத் தாங்க அந்தச் சுற்று அவருக்குப் போதும்.

சென்ற ஐப்பசி மழையில் வண்டி சறுக்கி அவருக்கு முழங்கால் சிராய்த்தது. அக்கா தங்கபுஷ்பம் வண்டியை விற்றுவிடச் சொன்னாள். அவர் மறுக்காமல் ஆட்டோவில் கடைக்குப் போகத் தொடங்கினார். அந்த வாரமே, புடவைகளை மலைபோல விரிக்கச் செய்துவிட்டு ஒன்றும் எடுக்காமல் எழுந்த ஓர் அம்மாளிடம், "அப்ப எதுக்கும்மா வந்தீங்க?" என்று சீறினார். வாடிக்கையாளரிடம் அவர் குரல் உயர்த்தி அதுவரை யாரும் கேட்டதில்லை. கல்லாவில் இருந்த அக்கா அன்று கேட்டாள்.

ஞாயிறு காலை, விற்றுத் தருவதாகச் சொல்லியிருந்த மெக்கானிக் யாசிர் வண்டியை எடுத்துப்போக வந்தான்.

"வண்டி தர முடியாதுப்பா. வீட்டுல பால் இல்ல, இவுக போய் வாங்கிட்டு வரணும்" என்றாள் அக்கா.

"அப்போ கைல கீறது இன்னாக்கா?"

அக்கா தன் கையிலிருந்த இரண்டு பால் பாக்கெட்டுகளைப் பார்த்தாள். "இது உறை ஊத்த" என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள். அத்தான் அதற்குள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு நின்றார்.