இப்ராஹிம் பாயும் தொட்டி அட்டையும்

சனிக்கிழமை காலை காஜா பேராங் தெருக் கோப்பிக் கடையில் உட்கார்ந்திருந்தேன். இப்ராஹிம் பாயின் மகன் கிளேபாங்கிலிருந்து சைக்கிளில் வந்து இறங்கினான். “மாமா, வாப்பா மவுத்தாயிட்டாங்க. விடியக்காலையில உசிரு போயிடுச்சு” என்றான். எதற்கும் ஒரு கிண்டல் வைத்திருக்கும் வாய் எனக்கு. அன்று கோப்பியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

நம் ஈஸ்ட் கம்பெனியில் வேலை பார்த்தவர்களுக்குப் பாயைத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ரொட்டிக் கடைகளுக்கு ஈஸ்ட் செய்து கொடுத்த சின்னக் கம்பெனி அது. மொத்தம் ஏழு பேர். நான் தொட்டி பார்ப்பவன். சர்க்கரைப் பாகில் ஈஸ்ட் வளரும்போது சூடு ஏறும். தொட்டிக்கு வெளியே கிணற்றுத் தண்ணீர் ஊற்றிச் சூட்டை இறக்காவிட்டால் ஈஸ்ட் செத்துவிடும். கையை வைத்தே சூட்டைச் சொல்லிவிடுவேன். நாலாவது வரை படித்தவனுக்கு அது போதும் என்றிருந்தேன்.

நாட்டுக்குச் சுதந்திரம் வந்த வருடம், தரம் பார்க்கும் பொறுப்பை முதலாளி பாயிடம் கொடுத்தார். பாய் தொட்டிக்கு ஒன்றாக அட்டை கொண்டுவந்தார். தினம் மூன்று தடவை சூடு அளந்து, நேரம் எழுதி, கையெழுத்துப் போட வேண்டும். தப்பாக எழுதினால் அழிக்கக் கூடாது, ஒரு கோடு போட்டுப் பக்கத்தில் திருத்த வேண்டும்.

“என்ன பாய், தொட்டிக்குப் பாஸ்போர்ட்டா?” என்று கேட்டேன்.

“ஆமாண்ணே. இது இல்லாம எந்தச் சரக்கும் கேட்டைத் தாண்டாது” என்றார். இன்னொன்றும் சொல்வார்: “தப்பு கண்ணுக்குத் தெரியணும்ணே. அழிச்சிட்டா மறுபடியும் அதே தப்புதான்.”

எனக்கோ தினமும் எழுதுவது பெரிய தொல்லை. எண்பத்து நாலு, எண்பத்தைந்து பாரன்ஹீட், இதற்கு மேல் என்ன வரப்போகிறது? ஒரு வாரக் கணக்கையும் திங்கட்கிழமையே எழுதிவிடுவேன். பார்க்க உண்மை போலிருக்கட்டும் என்று ஓர் ஓரத்தில் கொஞ்சம் தேத்தண்ணியும் தெளிப்பேன்.

சுதந்திர நாளன்று கம்பெனி பூட்டு. ஊரே திடலில் இருந்தது, நானும்தான். மறுபடி திறந்தபோது தொட்டியில் வாடை சரியில்லை. அட்டை சரியாக இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. சரக்கு போய்விட்டது. மூன்று கடைகளில் ரொட்டி எழும்பவில்லை.

“அட்டை சுத்தமா இருக்கு. ரொட்டிக்காரனுங்கதான் கெடுத்திருக்கானுங்க” என்றார் முதலாளி. நான் தப்பித்தேன் என்றுதான் நினைத்தேன்.

பாய் மட்டும் அட்டையை வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னிடம் தனியாக வந்தார்.

“அண்ணே, லீவு அன்னைக்குக் கேட் சாவி என் சட்டைப்பையில இருந்துச்சு. மூணு தடவை சூடு பாத்திருக்கீங்க. எப்படி உள்ள போனீங்க?”

“சுவர் ஏறிக் குதிச்சேன்.”

அவர் சிரிக்கவில்லை. “முதலாளிகிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?”

நானே போய்ச் சொன்னேன். வேலை தப்பியது. ஆனால் அன்றிலிருந்து நான் சூடு அளந்து எழுதியதும் பாய் பின்னாலேயே வந்து இன்னொரு தடவை அளப்பார். “இன்னும் கோவமா பாய்?” என்று ஒருநாள் கேட்டேன். “கோவம் இல்லண்ணே. நம்பிக்கைதான் இல்ல” என்றார். கம்பெனி மூடும்வரை அப்படியே நடந்தது. ஒரே கொட்டகையில் இரண்டு பேர் இருந்தும் நான் தனியாகத்தான் வேலை பார்த்தேன்.

என் வீட்டுக்காரி இறந்துபோன பிறகு பேச ஆளில்லாமல் கிளேபாங்குக்கு, பாய் வீட்டுக்குப் பஸ் ஏறிப் போவேன். பாய் நன்றாகப் பேசுவார். ஆனால் மணி பத்தரை என்று நான் சொன்னால், தன் கைக்கடிகாரத்தையும் ஒரு தடவை பார்த்துக்கொள்வார்.

போன வாரம் அவர் படுக்கையில் இருந்தார். வீட்டில் எல்லோரும் வெளியே போயிருந்ததால் நான்தான் மாத்திரை கொடுத்தேன். பிற்பகலில், ஆஸ்பத்திரியில் டாக்டருக்கு உதவியாக இருக்கும் டிரெஸர் வந்து, “காலை மருந்து போட்டாரா?” என்று கேட்டார். “பத்து மணிக்குக் கொடுத்தேன்” என்றேன். அவர் புட்டியைத் திறந்து மாத்திரைகளைக் கையில் கொட்டி எண்ணப் போனார்.

பாய் கண்ணைத் திறக்காமலே சொன்னார்: “எண்ண வேணாம் தம்பி. அண்ணன் சொல்லிட்டாருல்ல.”

அந்த ஒரு வார்த்தைதான் அவரிடமிருந்து எனக்குக் கிடைத்த சொத்து. இப்போது நான் உண்மையே சொன்னாலும், சரிதானா என்று திருப்பிப் பார்க்க எனக்கு ஆளில்லை.