மாசம் முன்னே, தேதி பின்னே

சில வருடங்களுக்கு முன், ஒரு சித்திரை மாதக் கடைசியில் நடந்தது இது. நாங்கள் காஞ்சிபுரத்தில் பட்டு நெசவு செய்கிற குடும்பம். நானும் கணவரும் தறியில் உட்காருவோம். போனில் வருகிற ஆர்டர்களையும் நாங்களே பார்த்துக்கொள்வோம்.

அமெரிக்காவில் வேலை பார்க்கும் ஒரு பெண் தன் முகூர்த்தப் புடவைக்கு ஆர்டர் கொடுத்திருந்தாள். தாயில்லாப் பெண். அம்மாவின் கல்யாணப் புடவை நைந்துபோய்விட்டதாம். அதைப் போட்டோ எடுத்து அனுப்பி, அதே அரக்கு நிறம், அதே பச்சைக் கரை, கரையில் அதே மயில் வேண்டும் என்றாள். கல்யாணம் சென்னையில், தேதி 06/09 என்று எழுதியிருந்தாள். செப்டம்பர் ஆறுக்குத்தான் ஏகப்பட்ட நாள் இருக்கிறதே என்று, மயில் டிசைன் விழுவதற்காகத் தறியின் மேல் கட்டுகிற துளை அட்டைகளை மட்டும் தயார் பண்ணி வைத்துவிட்டு, நூலுக்கு அப்புறம் சாயம் போடலாம் என்றிருந்தோம்.

முகூர்த்தப் புடவை என்றால் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாண நாளைக் காலண்டரில் பார்த்துவிட்டு, அதற்குத் தோதாக ஒரு நல்ல நாளில்தான் நெடுக்கு நூலான பாவைத் தறியில் ஏற்றுவோம். அப்படித் தாளைப் புரட்டினால் செப்டம்பர் ஆறில் முகூர்த்தமே இல்லை, அஷ்டமி. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான்.

"அமெரிக்காவுல அஷ்டமி நவமியெல்லாம் யாரு பாத்துக்கினு இருக்காங்க?" என்றார் கணவர். எனக்கு மனம் ஒப்பவில்லை.

அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டுப் பெண் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கினாள். அவர்களும் நெசவுக் குடும்பம்தான். இவள் மட்டும் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போய் வந்தாள். ஆவணியில் கல்யாணம் நிச்சயமாகியிருந்ததால் பார்க்கும்போதெல்லாம் அவளைக் கேலி பண்ணாமல் விடமாட்டேன். அன்று கேலியை மறந்து போனை நீட்டினேன்.

"அக்கா, அமெரிக்காக்காரங்க மாசத்தைத்தான் முதல்ல போடுவாங்க. எங்க கம்பெனியில கொரியாக்காரங்க வருஷத்தையே முதல்ல போடுறாங்க. இது ஜூன் ஒம்பதா இருக்கப் போவுது, எதுக்கும் கேட்டுடுங்க" என்றாள்.

கேட்டேன். ஜூன் ஒன்பதுதான்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சாயம் போட்டு, பாவு ஓட்டி, தறியில் இழை இழையாகப் பிணைத்து முடிப்பதற்குள் இருக்கிற நாள் போய்விடும். பிறகு நெய்வது எப்போது? கடையில் அரக்குப் புடவை எத்தனையோ கிடைக்கும், அவள் அம்மாவின் மயில் கிடைக்குமா? விஷயத்தைச் சொன்னபோது அந்தப் பெண், "பரவால்லங்க, எனக்குக் கொடுத்து வைக்கல" என்று மட்டும் சொல்லி போனை வைத்துவிட்டாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்ற எதிர்வீட்டுப் பெண் உள்ளே போய்த் தன் அப்பாவை அழைத்து வந்தாள். அவர்கள் தறியில் பச்சைக் கரையோடு அரக்குப் பாவு ஏறித் தயாராக இருந்தது. முகூர்த்தத்துக்கு இங்கே பாதிப் பேர் கேட்கிற ஜோடி அது. ஆனால் அந்தப் பாவு அவளுடைய கல்யாணத்துக்கு ஏற்றியது என்று தெருவுக்கே தெரியும். வருஷம் பூராவும் ஊரார் வீட்டுப் பெண்களுக்கு நெய்கிறவர்கள் நாங்கள். சொந்தப் பெண்ணுக்கென்று பாவு ஏற்றுகிற அன்று தறிக்கு மஞ்சள் பூசி, காமாட்சியம்மனை வேண்டிக்கொள்வோம். அதில் வேறொருத்திக்கு நெய்யலாம் என்று யாரும் பேச்சுக்குக்கூடச் சொல்ல மாட்டார்கள்.

"உங்க மயில் அட்டையை எங்க தறியில கட்டுங்கக்கா" என்றாள் அவள்.

நான் அவள் அப்பாவைப் பார்த்தேன். "உனக்குன்னு வேண்டிக்கினு ஏத்தின பாவும்மா அது" என்றார் அவர்.

"எனக்கு ஆவணியிலதானேப்பா? நாள் இருக்குது. நீ இருக்கறே, அம்மா இருக்குது. அந்தப் பொண்ணுக்கு அம்மான்னு அந்தப் புடவை ஒண்ணுதான்."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு, "வாங்கம்மா, அட்டையை எடுத்துக்கினு வாங்க" என்று முன்னால் நடந்தார்.

கரையின் பச்சை நூலைக் கொண்டுபோகிற நாடாவைத் தள்ள இன்னொரு ஆள் வேண்டும். இரண்டு வீட்டுக்காரர்களும் மாறி மாறி உட்கார்ந்தோம். லீவு நாளில் அவளும் வந்து உட்காருவாள். தன் பாவில் இன்னொருத்தியின் மயில் ஒவ்வொன்றாய் எழும்புவதைப் பார்த்து, "கழுத்து சூப்பரா வந்துக்கினு இருக்குதுக்கா" என்பாள்.

புடவை நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அதைக் கட்டிக்கொண்டு மணமேடையில் உட்கார்ந்திருந்த படத்தையும் அந்தப் பெண் அனுப்பினாள். அவளுக்காக வாங்கிய நூலில்தான் பிறகு எதிர்வீட்டுப் பெண்ணுக்கு எங்கள் தறியில் நெய்தோம். மஞ்சள் பூசி வேண்டிக்கொண்டது நான்.

முன்பின் பார்க்காத ஒருத்திக்கு அவ்வளவு லேசாக எடுத்துக் கொடுத்தாளே, அவள் இடத்தில் இருந்தால் நான் கொடுத்திருப்பேனா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. என்னைவிட எவ்வளவோ சின்னவள்தான், ஆனாலும் அவள் பிறந்த வீட்டுக்கு வந்து தெருவில் நடந்து போகும்போதெல்லாம் என்னை அறியாமல் எழுந்து நின்றுவிடுகிறேன்.