டயருக்குள் வைத்த சந்தனம்

எனக்கும் என் சகலைக்கும் பொதுவில் ஒரே ஒரு சொத்து உண்டு. அது ஒரு ட்ரையல்ஸ் வண்டி. பாறை மேலும் கட்டை மேலும் காலை ஊன்றாமல் ஏறி இறங்குவதற்கென்றே செய்த மோட்டார் சைக்கிள். சீட்டு கிடையாது; நின்றுகொண்டேதான் ஓட்ட வேண்டும். பெங்களூரில் ஒருவர் வைத்திருந்து அலுத்துப்போய் விற்றதை ஆளுக்குப் பாதி போட்டு வாங்கினோம். "உக்காரவே எடமில்லாத வண்டிக்கு ரெண்டு பேரு சேந்து காசு குடுத்தீகளா?" என்று என் மனைவி கேட்டாள்.

சகலை என்றால் என் மனைவியின் அக்காள் கணவர். ஊர் நெய்க்காரப்பட்டி. தென்னந்தோப்பும் கரும்பும் வைத்திருக்கிறார். வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போட்டுப் பேசுவார். அவ்வளவு மரியாதையாக ஆளைக் கவிழ்ப்பவரை நான் வேறெங்கும் கண்டதில்லை. நான் திண்டுக்கல்லில் சொட்டுநீர்க் குழாய் விற்கிறேன். குஜிலியம்பாறைப் பக்கம் தோட்டம் தோட்டமாக அலையும்போது அங்கே கிடந்த பாறைகளைப் பார்த்துத்தான் எனக்கு இந்தக் கிறுக்கே பிடித்தது. பாறைக்குப் பக்கத்தில் இருப்பவன் நான் என்பதால் வண்டி என் வீட்டில் நின்றது.

நின்றது என்பதுதான் சரியான சொல். பின் டயர் தேய்ந்து, வெடித்து, புது டயரும் வாங்கியாகிவிட்டது. அது மாடிப்படிக்கு அடியில் கிடந்தது. பஞ்சர் கடைக்குக் கொண்டுபோனபோது கடைக்காரர் சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "கம்பி வச்ச சக்கரத்துல டியூப்லெஸ்ஸா? அம்புட்டு ஓட்ட வழியாவும் காத்து போயிரும்ண்ணே. டியூப்பப் போட்டுத் தாரேன்" என்றார். எனக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. இந்த வண்டிக்குக் காற்றை ரொம்பக் குறைவாகத்தான் வைக்க வேண்டும், அப்போதுதான் டயர் அமுங்கிப் பாறையைக் கவ்வும், உள்ளே டியூப் இருந்தால் பாறைக்கும் ரிம்முக்கும் நடுவில் நசுங்கிக் கிழிந்துபோகும் என்று அவருக்குப் பாடம் எடுத்தேன். கம்பி ஓட்டைகளை மூடுவதற்கு ரிம்முக்குள் சுற்றி உட்காரும் அகலமான ரப்பர் பட்டையையும் காட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப நீங்களே மாட்டிக்கங்கண்ணே" என்றார். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

என் சின்ன மகளுக்குக் காதுகுத்து வந்தது. சின்னாளப்பட்டியிலிருந்து மாமியார், நெய்க்காரப்பட்டியிலிருந்து சகலை குடும்பம், எல்லோரும் வந்து இறங்கினார்கள். காது குத்தி, விருந்து முடிந்து, வெற்றிலை போடும் நேரத்தில் சகலை மாடிப்படிக்கு அடியில் குனிந்து பார்த்தார். டயரின் மேல் வெங்காய மூட்டை இருந்தது.

"ஏனுங்க சகலை, வண்டி தூங்குதுங்களா?"

"மாட்டணும். நேரம் வரல."

"நானு ஞாயித்துக்கெழம ஊருக்குக் கெளம்பறேனுங்க. அன்னைக்குக் காலைல அந்த டயர்ல காத்து நின்னா வண்டி உங்க வூட்லயே இருக்கட்டும். நிக்கலைன்னா குட்டியானை லாரில ஏத்திட்டு நானு போயிர்றேன். அத்தை சாட்சிங்க."

மாமியார் பாக்கை மென்றுகொண்டே தலையை ஆட்டிவிட்டார். அந்த வண்டி மேல் எனக்கு எவ்வளவு ஆசை என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது. உடனே வெங்காய மூட்டையை இறக்கி டயரை வெளியே இழுத்தேன்.

மறுநாள் சனிக்கிழமை. முதல் வேலையாக டயரை மொட்டை மாடியில் வெயிலில் போட்டேன். வெயிலில் காய்ந்தால் ரப்பர் இளகும், மாட்டச் சுலபம். திண்டுக்கல் வெயிலை அன்று ஒருநாள்தான் நான் வாயார வாழ்த்தினேன். பக்கத்தில் மாமியார் மோர் மிளகாய் காயவைத்திருந்தார். அந்த மிளகாய் இரண்டு மாதம் வரை ரப்பர் வாசனை அடித்தது தனிக் கதை.

டயர் காய்ந்துகொண்டிருக்கும்போதே ரிம்மைத் தேய்த்தேன். துருவையும் பழைய பசையையும் சுரண்டி, டயரின் விளிம்பு போய் உட்காரும் இடத்தை முகம் பார்க்கும்படி துடைத்தேன். அங்கே ஒரு மணல் துகள் இருந்தால்கூடக் காற்று ஒழுகும். குழாய் விற்பவனுக்கு ஒழுகலைப் பற்றிச் சொல்லித்தர வேண்டுமா? பெருமையாக நிமிர்ந்து பார்க்கிறேன், சகலை எதிரே நிற்கிறார். முகத்தில் பக்தி வழிகிறது.

"அத்தை, இங்க வாங்க. புது டயருங்க. உங்க கையால ஒரு பொட்டு வெச்சு வுடுங்க."

எங்கள் மாமியார் வீட்டில் புதிதாக எது வந்தாலும் அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்தாக வேண்டும். மிக்சி, பீரோ, பேத்தியின் லேப்டாப், எதுவும் தப்பியதில்லை. மாமியார் கிண்ணத்தோடு வந்தார். நான் டயரை நகர்த்தி முன்னால் வைக்கப் போனேன். அதற்குள் சகலை ரிம்மின் விளிம்பைத் தொட்டு, "இங்கீங்க அத்தை. அப்பறம் இங்க. இன்னொண்ணு இங்க" என்று நான் துடைத்துப் பளபளப்பாக்கிய இடத்திலேயே விரல் வைத்துக் காட்டினார். மாமியார் தாராள மனசுக்காரர். நல்ல கெட்டிச் சந்தனம், மூன்று பொட்டு, நடுவில் குங்குமம்.

நான் வாயைத் திறந்தேன். "அத்தை கை ராசிங்க" என்றார் சகலை. நான் வாயை மூடிக்கொண்டேன். மாமியார் வைத்த பொட்டை மருமகன் அவர் கண்ணெதிரே துணியால் துடைப்பதாவது. அதுவும் மகள் காதுகுத்தின் மறுநாள். ஒரு பொட்டு என்ன செய்துவிடப் போகிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

ரப்பர் பட்டையை ரிம்முக்குள் முறுக்கில்லாமல் இழுத்துவிட்டு, வால்வை அதன் ஓட்டையில் நுழைத்தேன். விளிம்பு வழுக்கி உட்கார வேண்டும் என்பதற்காகப் பாத்திரம் தேய்க்கும் சோப்பைக் கரைத்துச் சுற்றிலும் தடவினேன். அந்த மூன்று பொட்டும் வந்தபோது மட்டும் பிரஷ்ஷைத் தூக்கித் தாண்டிக்கொண்டு போனேன். சாமி விஷயம். டயரை நெம்பும் லிவரில் துணி சுற்றி, முழங்காலால் அமுக்கி, சட்டை முழுக்க வேர்வையாகி, ஒருவழியாக டயர் ரிம்முக்குள் போனது.

இனிமேல்தான் கூத்து. டியூப்லெஸ் டயரின் இரண்டு விளிம்பும் ரிம்மில் போய் ஒட்டினால்தான் காற்று உள்ளே தங்கும். காற்று உள்ளே தங்கினால்தான் விளிம்பு போய் ஒட்டும். எதை முதலில் செய்வது? காற்றடித்தால் ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் புஸ்ஸென்று இறங்கியது. பெயிண்டர் ஒருவரிடம் கம்ப்ரசர் இரவல் வாங்கிவந்தும் அதே புஸ். டயரின் நடுவில் எதையாவது இறுக்கிக் கட்டினால் விளிம்புகள் வெளிப்பக்கம் பிதுங்கும் என்று எனக்குத் தோன்றியது. கொடியில் மனைவியின் பழைய சுங்குடிச் சேலை காய்ந்துகொண்டிருந்தது. அதை முறுக்கி டயரைச் சுற்றி, ஒரு குச்சியைச் செருகித் திருகினேன்.

"அது எங்கம்மா எடுத்துக் குடுத்த சேல" என்றாள் மனைவி பின்னால் நின்று.

"தெரியும். அதான் கிழியாம இழுக்குது."

அம்மாவைப் புகழ்ந்தேனா சேலையைப் புகழ்ந்தேனா என்று அவள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே கம்ப்ரசரைத் திறந்துவிட்டேன். டப் என்று ஒரு சத்தம். செத்த நேரத்தில் இன்னொரு டப். இரண்டு விளிம்பும் உட்கார்ந்துவிட்டன. மாமியார் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு உள்ளே போனார். நான் சகலையைப் பார்த்தேன். அவர் கைதட்டினார். அந்தக் கைதட்டல் எனக்குப் பிடிக்கவில்லை.

மதியச் சாப்பாடு முடிந்து வந்து பார்த்தால் டயர் சப்பையாகக் கிடந்தது.

மறுபடி காற்றடித்து, விளிம்பைச் சுற்றி சோப்புத் தண்ணீர் ஊற்றினேன். குமிழி வந்தது. சரியாக மூன்றே இடத்தில். எந்த மூன்று இடம் என்று சொல்லவும் வேண்டுமா? சகலை என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, "அச்சச்சோ. எங்கீங்க ஒழுகுது?" என்றார். கையில் கட்டிங் பிளேயர் இருந்தது. குழந்தைகள் பக்கத்தில் நின்றார்கள். அதனால் ஒன்றும் நடக்கவில்லை.

மாமியாரும் வந்துவிட்டார். "என்ன மாப்ள, காத்து நிக்கலையா?"

"இல்ல அத்தை, வந்து... விளிம்புல ஏதோ..."

"அத்தை பொட்டு வெச்ச எடத்துல காத்து போகுமுங்களா சகலை? வேற எங்காச்சும் பாருங்க" என்றார் சகலை.

நான் டயரை மறுபடி கழற்றினேன். காய்ந்த சந்தனம் மூன்று இடத்திலும் சின்ன மேடாக இறுகிப்போயிருந்தது. அதைச் சுற்றி ரப்பர் ஒட்டவே இல்லை. பொழுது சாயப் போகிறது. காலையில் குட்டியானை வந்து நின்றுவிடும். எப்படிச் சொல்வது? கோயிலில் சாமிக்குப் பழைய சந்தனத்தைக் களைந்துவிட்டுத்தானே புதிதாகச் சாத்துகிறார்கள் என்று ஆரம்பிக்கலாமா, அபிஷேகம் என்று ஆரம்பிக்கலாமா என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். "அத்தை, இந்தக் கோயில்ல பாத்தீங்கன்னா..." என்று தொடங்கினேன்.

மாமியார் என்னைப் பார்த்தார், ரிம்மைப் பார்த்தார், என் கையிலிருந்த ஈரத்துணியைப் பிடுங்கினார். "சந்தனம் உறுத்துதுன்னா தொடச்சு எறிய வேண்டியதுதான? இதுக்குப் போயி ஏன் இம்புட்டு மென்னு முழுங்குறீக?" என்று நகத்தால் சுரண்டி, துணியால் அழுத்தித் துடைத்து, மூன்றையும் நிமிடத்தில் காலி செய்துவிட்டார். "உள்ள வையின்னு மூத்த மாப்ள சொன்னாக, வச்சேன். டயரு சங்கதி எனக்கென்ன தெரியும்" என்று கிண்ணத்தை எடுத்துவந்து, இந்த முறை மட்கார்டில் ஒரு பொட்டு வைத்துவிட்டுப் போனார். சகலை தென்னை மரம் எதுவும் இல்லாத எங்கள் தெருவில் அண்ணாந்து எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

மறுபடி சோப்பு, மறுபடி சேலை, மறுபடி இரண்டு டப். இருட்டுவதற்குள் முடித்து, சக்கரத்தை வண்டியில் பூட்டிவிட்டு, காற்றை அளவாகக் குறைத்து வைத்தேன். பிறகு படுத்தேன், தூங்கவில்லை. புரண்டு புரண்டு படுத்ததில் மனைவி தலையணையை எடுத்துக்கொண்டு அம்மாவிடம் போய்விட்டாள்.

ஞாயிறு காலை எல்லோரும் வண்டியைச் சுற்றி நின்றார்கள். காற்று மானியை வைத்துப் பார்த்தேன். வைத்த காற்று வைத்தபடி இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொல்வதற்கு என்ன. சகலை குனிந்து கட்டைவிரலால் டயரை அமுக்கிப் பார்த்தார். தோற்றவர் முகமாகவே இல்லை. வாயெல்லாம் பல்லாக இருந்தது.

"நின்னுருச்சுங்க" என்றார். "இன்னைக்காச்சும் ஓட்டலாமுங்க."

"தோத்துட்டீங்க சகலை. வண்டி இங்கதான்."

"இங்கதானுங்க இருக்கோணும். எங்கூர்ல நானு இத வெச்சுட்டு வரப்பு மேலயாங்க ஓட்டறது?"

"அப்புறம் எதுக்கு ஏத்திட்டுப் போறேன்னீங்க?"

"சொல்லாட்டி மாட்டியிருப்பீங்களா? தீவாளிக்கு மாட்டறேன்னீங்க, பொங்கலுக்கு மாட்டறேன்னீங்க. பாதி வண்டி என்னுதுங்க. ஒரு தடவ ஏறி நிக்கறதுக்கு நானு வேற என்ன பண்றது?"

"சரி. அந்தச் சந்தனம்?"

"அது சும்மா, உங்க மூஞ்சியப் பாக்கலாம்னுங்க."

சகலையின் மனைவியும் என் மனைவியும் சிரித்த சிரிப்பில் அடுத்த வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். குட்டியானைக்குச் சொல்லவே இல்லையாம். என் வீட்டில் என்னைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

சகலை வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டியில் ஏறி நின்றார். ஒரே உதை. வண்டி உறுமியது. "பைபாஸ் வரைக்கும் போயிட்டு வாரேனுங்க" என்றார்.

எனக்குச் சங்கடமாகிவிட்டது. அவர் ஜெயித்தாலும் தோற்றாலும் வண்டியோடு ஓடிவிடுவார் என்ற பயத்தில், விடிந்தும் விடியாததுமாக எழுந்து டேங்கிலிருந்த பெட்ரோலை வடித்து ஒளித்து வைத்திருந்தேன். உள்ளே மிச்சமிருந்தது ஒரு டம்ளர்கூட இருக்காது. பாவம், மனுஷன் ஆசையாகக் கிளம்புகிறார். சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். சந்தனம் ஞாபகம் வந்தது.

தெருமுனையில் திரும்பும்போது அவர் ஒரு கையைத் தூக்கி டாட்டா காட்டினார். நானும் காட்டினேன்.