மேற்கோள் காட்டியவர்கள் சொன்னது

எழுபதுகளின் கடைசியில் நான் எழுதிய ஒரு கட்டுரையை உலகமே திட்டியது. உலகம் என்பது கொஞ்சம் அதிகம்தான். நரம்பியல்காரர்கள், நச்சியல்காரர்கள், தொழில்நோய் மருத்துவர்கள், எங்கிருந்தோ ஒரு கண் மருத்துவர்கூட. நான் மதுரையில் ஒரு மருத்துவக் கல்லூரியில் உயிர்வேதியியல் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். சொந்த ஊர் போடி. மேலே ஏலத்தோட்டங்களில் பூச்சிமருந்து அடிக்கிறவர்களின் ரத்தத்தைச் சோதித்து, நரம்புகள் இயங்கத் தேவையான ஒரு நொதி அவர்களிடம் வெகுவாகக் குறைந்திருக்கிறது, மருந்துதான் காரணம் என்று எழுதியிருந்தேன்.

நம் கட்டுரையை யார் யார் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று பார்க்க அப்போதெல்லாம் மெட்ராஸுக்குப் போய், தலையணை கனத்தில் இருக்கும் அட்டவணைத் தொகுதிகளைப் புரட்ட வேண்டும். பொடி எழுத்து, கண் பிதுங்கிவிடும். எண்பதுகளின் தொடக்கத்தில் ஒருநாள், என் பெயருக்குக் கீழே வரிசையாக அத்தனை பேர் இருந்ததைப் பார்த்ததும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. பிறகு அந்தக் கட்டுரைகளைத் தேடி எடுத்துப் படித்தேன். சொல்லிவைத்தாற்போல எல்லோரும் ஒன்றையேதான் எழுதியிருந்தார்கள். ரத்தம் மலையிலிருந்து மதுரை வரை வெயிலில் வந்திருக்கிறது, வழியிலேயே கெட்டிருக்கும், இந்த முடிவை நம்புவதற்கில்லை.

எங்கள் துறைத் தலைவருக்கு அதெல்லாம் பொருட்டே இல்லை. பேராசிரியர் பதவிக்கான நேர்காணல் நெருங்கிக்கொண்டிருந்தது.

“எத்தனை பேர் உங்களக் காட்டியிருக்காங்க! திட்டுனா என்னம்மா, எண்ணிக்கையில சேரும்ல? கமிட்டில எவன் படிச்சுப் பாக்கப் போறான்? பேசாம இருங்க” என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “தப்பாச் சொன்னவங்கிற பேர வச்சு ஒரு நாற்காலியா சார்?” என்று கேட்டுவிட்டு வெளியே வந்தேன். வீராப்பெல்லாம் மாடிப்படி இறங்கும் வரைதான். மறுபடி சோதித்து, அவர்கள் சொன்னதுதான் சரி என்று ஆகிவிட்டால்? கட்டுரையை நானே தப்பென்று அறிவிக்க வேண்டும். அப்புறம் எந்த முகத்தோடு நேர்காணலுக்குப் போவது? ஆனாலும் மறுபடி தோட்டத்துக்குப் போகாமல் இருக்க முடியவில்லை.

ரத்தத்தைக் கீழே கொண்டுவராமல் தோட்டத்திலேயே சோதிக்க ஒரு வழி இருந்தது. விரல் நுனியிலிருந்து ஒரு சொட்டு ரத்தம், நிறம் மாறுகிற ஒரு பச்சைக் கரைசல். நல்ல ரத்தமானால் அரைமணி நேரத்துக்குள் மஞ்சளாகிவிடும். மருந்து ஏறிய ரத்தமானால் பச்சையாகவே நிற்கும். கண்ணாடிக் குழாய்கள் இருந்த பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போடியில் ஜீப்பு ஏறினேன். மலை உச்சி மெட்டு ஏறும்வரை ஒவ்வொரு வளைவிலும் டிரைவரைத் திட்டிக்கொண்டே போனேன்.

தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில் ஸ்டூல் போட்டுக் காத்திருந்தவர், முதல் ஆராய்ச்சிக்கும் ரத்தம் கொடுத்தவர். இத்தனை வருஷமாக மருந்தடிக்கிற வேலை. மனைவி பக்கத்துக் கொட்டகையில் ஏலக்காய் அலசிக்கொண்டிருந்தாள்.

“வெரசாப் பாத்துச் சொல்லுங்கம்மா. கை நடுங்குது, காப்பித் தம்ளரு நிக்க மாட்டேங்குது. அவ வேற பயந்து கெடக்கா” என்றார்.

“இருங்கண்ணே, பாத்துருவோம்.”

ஒரு குழாயில் அவர் ரத்தம். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொன்றில் என் ரத்தம். என்னுடையது மெல்ல வெளுத்து மஞ்சளாகத் தொடங்கியது. அவருடையதில் கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன். ஒரு நேரம் அதிலும் மஞ்சள் தட்டுவது போலிருந்தது. வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தேன். இல்லை, பச்சைதான்.

“மாறிடாத, என் ராசா, அப்படியே நில்லு” என்று வாய்விட்டே சொன்னேன். சாமி கும்பிடுகிற மாதிரி அந்தக் குழாயைக் கும்பிட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

நேரம் முடிந்தது. என்னுடையது எலுமிச்சைப் பழம் மாதிரி மஞ்சள். அவருடையது பச்சை. ரத்தம் எங்கும் போகவில்லை, வெயிலில் காயவில்லை, கெடவும் இல்லை. நான் எழுதியது சரி! வாங்கடா இப்ப, அத்தனை பேரும் வாங்க! “அப்பாடா!” என்று கத்திக் கைதட்டிச் சிரித்தேன். கண்ணில் நீர்கூட வந்துவிட்டது.

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவரின் முகமும் மலர்ந்தது. கொட்டகைப் பக்கம் திரும்பி உரக்கக் கூப்பிட்டார்.

“ஏ புள்ள! இங்க ஓடியா! ஒண்ணுமில்லையாம்! டாக்டரம்மா சிரிக்கிறாங்க பாரு!”

அவள் ஈரக்கையோடு ஓடி வந்தாள். என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதாள். “நீங்க நல்லா இருக்கணும்மா” என்றாள்.

“உக்காரு ஆத்தா” என்றேன். நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தவளின் அழுகை நின்றுவிட்டது.