அக்கி எழுத ஆளில்லாத மலையில்

எனக்கு எண்பத்திரண்டு வயது. பெற்றது ஐந்து, கொழுந்தன் விட்டுப்போன மூன்றையும் சேர்த்து வளர்த்தது எட்டு. எட்டில் ஒன்றைக்கூட நான் சோடை போக விடவில்லை. அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்வேன். தினமும் காலையில் எழுந்து வாசலுக்கு வந்ததும் நான் வலது கண்ணை ஒருமுறை பொத்துவேன், பிறகு இடது கண்ணை. வலது கண்ணால் பார்த்தால் கீழே மறையூர்க் கரும்புத் தோட்டமும், வெல்லம் காய்ச்சும் கொட்டகைப் புகையும் தெளிவாகத் தெரியும். இடது கண்ணால் பார்த்தால் எல்லாவற்றின் மேலும் வெள்ளையாக மஞ்சு படர்ந்திருக்கும். இந்த ஊரில் பனிமூட்டத்துக்கு மஞ்சு என்றுதான் பெயர். மஞ்சே இல்லாத நாளிலும் என் இடது கண்ணில் அது இருக்கும். போன மாதம் கண் பார்க்க வந்த சின்ன டாக்டர், "அம்மச்சி, இது திமிரம் அல்லல்லோ, பழைய பாடாணல்லோ" என்றாள். திமிரம் என்றால் கண்புரை, பாடு என்றால் தழும்பு. "ஆமாம், உனக்கு முன்னாலயே இங்க வந்தது" என்றேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை, சிரித்தாள்.

சங்கரன்கோவில் பக்கம் கரிசல்காட்டில் பிறந்தவள் நான். பதினேழு வயதில் தாலி கட்டி, போடி வழியாக இந்த மலைத் தேயிலை எஸ்டேட்டுக்குக் கூட்டிவந்தார்கள். அங்கே மழை வராதா என்று வானத்தைப் பார்த்தோம். இங்கே வெயில் வராதா என்று பார்க்கக் கற்றுக்கொண்டேன். அங்கே சுவர் சூடாக இருக்கும், சாய்ந்தால் முதுகுக்கு இதம். இங்கே எஸ்டேட் கூலிக்காரர்களின் வரிசை வீடான லயத்துச் சுவரில் கை வைத்தால் தவளையைத் தொட்ட மாதிரி இருக்கும். என்ன போனாலும் போகட்டும், ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு நம்மூர்தான் பெரிதாகத் தெரிந்தது. அங்கே உடம்பில் அக்கி வந்தால் குயவர் வீட்டுக்குப் போவோம். அவர் காவியைக் குழைத்து, கொப்புளத்தைச் சுற்றி சிங்கமோ நாயோ வரைந்துவிடுவார். மூன்று நாள் எழுதினால் அடங்கும் என்று நம்பிக்கை. எனக்கே சின்ன வயதில் இடுப்பில் எழுதியிருக்கிறார்கள். ஈரக் காவியின் குளிர்ச்சி இன்னும் ஞாபகம் இருக்கிறது. இந்த மலையில் மண்பானையே கீழேயிருந்து பஸ்ஸில்தான் வரும். குயவருக்கு எங்கே போவது?

எழுபதுகளின் கடைசியில் ஒரு தை மாதம். என் மூத்தவள் கோமதி கோட்டயத்தில் நர்ஸுக்கு இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். எங்கள் லயத்திலிருந்து நர்ஸ் படிக்கப்போன முதல் பெண் அவள்தான், அந்தப் பெருமையில் நான் கொஞ்சம் கழுத்தை நிமிர்த்தித்தான் நடப்பேன். அந்தத் தையில் எனக்குக் காய்ச்சல் வந்து, உதட்டில் கொப்புளம் வெடித்து, அது ஆறுவதற்குள் இடது கண் சிவந்தது. வெளிச்சம் பட்டால் மிளகாய் தேய்த்த மாதிரி எரியும். கொழுந்து எடுக்கும்போது தலையில் போட்ட கம்பிளியை முகம்வரை இழுத்துவிட்டுக்கொண்டு எடுத்தேன்.

பக்கத்து வீட்டு மரியபுஷ்பம் எஸ்டேட் துரையின் பங்களாவில் சமையலுக்கு இருந்தாள். என்னை மைனி என்றுதான் கூப்பிடுவாள். என் கண்ணைப் பார்த்துவிட்டு ஒரு சின்னப் பாட்டிலை முந்தானையில் முடிந்து கொண்டுவந்தாள். பங்களாவில் துரையம்மாவுக்குக் கண் அரித்தபோது போட்டது, மிச்சம். "ஒரே நாள்ல சரியாயிட்டு மைனி, நீயும் விடு. யாருட்டயும் சொல்லிராத, என் சோத்துல மண்ணு விழுந்துரும்" என்றாள். எங்கள் லயத்து வழக்கம் அது. ஒரு வீட்டில் குணம் காட்டிய மருந்து நாலு வீட்டுக்குப் போகும். இல்லை என்று சொன்னால் அது மருந்தை மறுத்ததாகாது, ஆளையே மறுத்ததாகும். நான் விட்டேன். மறுநாளே சிவப்பு இறங்கியது, எரிச்சல் போனது. மரியபுஷ்பத்தைக் கையெடுத்துக் கும்பிட்டேன். அதற்கப்புறம்தான் ஒவ்வொரு நாளும் அந்தக் கண்ணில் மலை கொஞ்சம் கொஞ்சமாகத் தூரம் போனது.

லீவுக்கு வந்த கோமதி பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. "யம்மா, உதட்டுல புண்ணு வந்துச்சா?" என்று கேட்டாள். மறுநாள் முதல் பஸ்ஸிலேயே என்னைக் கோட்டயத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே பெரிய டாக்டர் மஞ்சள் சாயம் ஒரு சொட்டு விட்டு, நீல விளக்கை அடித்துப் பார்த்தார். கோமதியையும் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். பார்த்துவிட்டு அவள் என் பக்கம் குனிந்தாள். அப்புறம் என் காதருகே, "கண்ணுமணிமேல கிளை கிளையா பச்சையா தெரியுதும்மா, தேயிலைக் கிளை மாதிரி. எங்க புஸ்தகத்துல படமே இருக்கு" என்றாள். என் கண்ணில் யாரோ அக்கி எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. அந்த நிலையிலும் அழகாக இருந்திருக்கும்போல என்று நினைத்தேன்.

டாக்டர் கேட்டார்: "கண்ணில் வேறெ மருந்நு வல்லதும் ஒழிச்சோ?" வேறு மருந்து விட்டாயா என்கிறார். மரியபுஷ்பத்தின் முந்தானை முடிச்சு எனக்கு முன்னால் வந்தது. சொன்னால் எழுதிவைப்பார், எழுதியது எஸ்டேட்டுக்குப் போகும், பங்களாவுக்குப் போகும். அப்படித்தான் எனக்குத் தெரிந்த உலகம். "இல்லை சாமி" என்றேன்.

அவர் தந்த மருந்தின் பெயர் ஐடாக்ஸ்யூரிடின். அதைச் சொல்லப் பழகவே எனக்கு இரண்டு நாளானது. பகலில் மணிக்கு ஒரு சொட்டு, இரவுக்குக் களிம்பு. வெளிச்சம் படக்கூடாது, குளிர்ச்சியில் இருக்க வேண்டும். லயத்துக்குத் திரும்பியதும் கோமதி பாட்டிலில் கறுப்புக் காகிதம் சுற்றி, தகர டப்பாவில் போட்டு, டப்பாவை ஈரமணல் பானைக்குள் புதைத்தாள். ஒரு சொட்டு விட்டதும் கண்ணை மூடி மூக்கோரம் விரலால் அமுக்கிக்கொண்டிருக்க வேண்டும், மருந்து தொண்டைக்கு இறங்காமலிருக்க. அந்த நேரத்தில் அவள் பாடத்தைச் சொல்லுவாள். மூடிய கண்ணுக்குள் அது கனவு மாதிரி ஓடும்.

"இந்த வைரஸுக்குச் சொந்த அடுப்பு கிடையாதும்மா. நம்ம உடம்புக்குள்ள வந்து நம்ம அடுப்புல, நம்ம அரிசியப் போட்டு, தன் கூட்டத்தப் பெருக்கிக்கிடும். இந்த மருந்து அரிசி மாதிரியே இருக்குற பொய்யரிசி. அது ஏமாந்து அள்ளிப் போட்டா சோறு வேகாது, கூட்டம் பெருகாது."

"அப்பம் அதுவும் நம்மள மாதிரி பொழைக்க வந்ததுதான்" என்றேன்.

"நாம அடுத்தவன் அடுப்பையா இடிச்சோம்?"

"அப்பம் அது செத்துருமா?"

"சாகாது. நரம்புக்குள்ள போயித் தூங்கும். பெருகவிடாம நிறுத்துறதுதான் மருந்தோட வேல. மிச்சத்த உடம்புதான் பாக்கணும்."

எல்லாம் சொன்னாள். நானும் கேட்டேன். ஆனால் சொட்டு விட்டால் காந்தும். அந்தக் காந்தல் பொறுக்காமல், அவள் தண்ணீர் பிடிக்கப் போகும்போது பழைய பாட்டிலிலிருந்தும் ஒரு சொட்டு விட்டுக்கொள்வேன். இரண்டு மருந்து என்றால் இரண்டு மடங்கு குணம் என்பது என் கணக்கு. ஆறு நாளாயிற்று. கோமதி விரலைக் காட்டி எத்தனை என்று கேட்டாள். விரலே தெரியவில்லை. அவள் புத்தகத்தைத் திரும்பத் திரும்பப் புரட்டினாள். "நான்தான் எதோ தப்பா செய்யுறேன்" என்று அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். நான் பேசாமல் இருந்தேன். பெற்ற மகள் அழுகிறாள், நான் பேசாமல் இருந்தேன். இன்றைக்கும் என்னை நான் மன்னிக்காத இடம் அது.

அப்போதுதான் மரியபுஷ்பம் வாசலில் வந்து நின்றாள். "மைனி, அந்த மருந்து தீந்துட்டா? இன்னுங் கொஞ்சம் இருக்கு, எடுத்தாரவா?"

கோமதி எழுந்தாள். "எந்த மருந்து அத்தை?"

மரியபுஷ்பம் என்னைப் பார்த்தாள், நான் சுவரைப் பார்த்தேன். கோமதி அரிசிப் பானைக்குள் கையை விட்டுப் பாட்டிலை எடுத்தாள். பிள்ளைக்குத் தாய் ஒளிக்கும் இடம் தெரியாதா? லேபிளை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தாள். "ஸ்டீராய்டு. யம்மா, இது செவப்பத்தான் எடுக்கும். காவல்காரனத் தூங்கவச்சிட்டு திருடனுக்குக் கதவத் தொறந்துவிடும். இன்னுங் கொஞ்ச நாள் விட்டிருந்தா கண்ணே..."

"சொன்னா உன் வேல போயிரும்னுதான்ட்டீ" என்றேன், மரியபுஷ்பத்தைப் பார்த்து.

"ஆமா, உன் கண்ண அவிச்சுத்தான் நான் துரைக்குக் கறி வைக்கணுமாக்கும்! ஏம் மைனி, ஒனக்கு மூளைங்கிறது இருக்கா?" என்று கத்தினாள். கத்திக்கொண்டே என் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துக்கொண்டாள்.

மறுநாள் மறுபடி கோட்டயம். கோமதி எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டர் தலையில் கை வைத்தார். "இது ஆத்யமே பறயாமாயிருந்நில்லே?" முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்றார், அவ்வளவுதான். பாட்டில் யாருடையது, யார் தந்தது, எந்த எஸ்டேட், ஒன்றும் கேட்கவில்லை. யாரும் கேட்காத ஒரு பெயருக்கு நான் ஆறு நாள் கண்ணைக் காவல் வைத்திருந்தேன். அவர் கிளை பெரிதாகிவிட்டது என்றார், இனி ஒரு சொட்டுகூடத் தவறக்கூடாது என்றார்.

கோமதிக்கு லீவு முடிந்தது. லயத்தில் யார் வீட்டிலும் கடிகாரம் கிடையாது. பாக்டரிச் சங்கு ஒரு நாளில் மூன்று முறைதான் ஊதும். மணிக்கு மணி யார் சொல்வார்கள்? பங்களாவில் மணியடிக்கும் கடிகாரம் இருந்தது, மரியபுஷ்பமும் இருந்தாள். பங்களாவின் பின்கட்டு எங்கள் லயத்துக்கு நேர் மேலே. கடிகாரம் அடித்ததும் அவள் துணிக்கொடியில் தன் சிவப்புத் துண்டைப் போடுவாள். நான் வலது கண்ணால் அதைப் பார்த்து, சொட்டு விட்டு, கையை ஆட்டியதும் எடுத்துவிடுவாள். மஞ்சு இறங்கித் துண்டு தெரியாவிட்டால் மண்ணெண்ணெய் டின்னைத் தட்டுவாள். வெள்ளைக்குள்ளிருந்து டங் டங் என்று வரும், பங்களாவும் இல்லை, மலையும் இல்லை, அந்தச் சத்தம் மட்டும் இருக்கும். "என்ன சத்தம்?" என்று துரையம்மா கேட்டதற்கு, "குரங்கு விரட்டுறேன்" என்றாளாம். "அந்தக் குரங்கு நீதான் மைனி" என்று சாயங்காலம் வந்து சொல்லுவாள். பதினைந்து நாள் அப்படி. கடைசியில் சாயம் விட்டுப் பார்த்த டாக்டர், கிளை காய்ந்துவிட்டது என்றார். நிழல் மட்டும் தங்கிவிட்டது.

கோமதி பெரிய நர்ஸாகி ஓய்வும் பெற்றுவிட்டாள். மரியபுஷ்பம் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறாள், அதுவும் பங்களாவுக்குக் கீழேதான். போன வைகாசியில் பேத்தி மீனா என்னைச் சங்கரன்கோவிலுக்குக் கூட்டிப்போனாள். உச்சி வெயில், கரிசல்மண் வெடித்துக் கிடந்தது, ஒரு துளி ஈரம் கிடையாது. எல்லோரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார்கள். நான் வலது கண்ணைப் பொத்தினேன். அந்தக் காடு முழுக்க மஞ்சு இறங்கியிருந்தது, நான் பிறந்த வீட்டு வேம்பும் அதற்குள்தான் நின்றது. எந்தக் கண் எந்த ஊருடையது என்று எனக்கு இப்போது தெரியவில்லை. வெள்ளைக்குள்ளிருந்து யாராவது டின் தட்டுவார்களா என்று கொஞ்ச நேரம் நின்று கேட்டேன்.

மீனா, இங்கே வா, நான் எழுதிவைத்த இதை எனக்கு வாசித்துக் காட்டு. நீ மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவள், தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாய், தெரியும். பரவாயில்லை, மெதுவாகவே வாசி. நான் இரண்டு கண்ணையும் மூடிக்கொள்கிறேன்.